முயலும் மூச்சும்

ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து மாநிலத்தில் வீட்டில் முயல் வளர்ப்பது சட்டப்படி குற்றம். மேஜிக் ஷோ நடத்துபவர்களும் ஆராய்ச்சிக் கூடங்களும் மட்டும் தனி அனுமதி வாங்கி வைத்துக்கொள்ளலாம். கேட்கச் சிரிப்பாக இருக்கும். ஆனால் 1859-இல் தாமஸ் ஆஸ்டின் என்ற பண்ணையார் வேட்டையாடி மகிழ இங்கிலாந்திலிருந்து விக்டோரியாவுக்கு வரவழைத்த இரண்டு டஜன் முயல்கள் பெருகிப் பெருகிக் கண்டத்தையே மேய்ந்த கதையைத் தெரிந்துகொண்டால் அந்தச் சட்டத்தின் கோபம் புரியும்.

அந்தச் சட்டத்தால்தான் எங்கள் வீட்டுக்குப் பஞ்சு வந்தது. மெல்பர்னில் எங்கள் தெருவில் இருந்த ஒரு குடும்பம் வேலை மாற்றலாகி பிரிஸ்பேன் போனது. சோபா போகலாம், சைக்கிள் போகலாம், முயல் போக முடியாது. எங்கள் மகளுக்கு அப்போது எட்டு வயது. பள்ளி முடிந்ததும் அவர்கள் வீட்டுக் கொல்லையில்தான் இருப்பாள். அவள் கேட்டாள், நாங்கள் இரண்டு நாள் பேசி முடிவு செய்து சரி என்றோம்.

சிக்கல் ஒன்றுதான். எனக்குச் சின்ன வயதிலிருந்தே ஆஸ்துமா. மதுரையில் நான் வளர்ந்தபோது அதற்குப் பெயர் ‘இளைப்பு’. பனிக்காலம் வந்தால் டெரிஃபிலின் மாத்திரை, கற்பூரவல்லிச் சாறு, ராத்திரி முழுக்க உட்கார்ந்தபடி தூக்கம். மெல்பர்னுக்கு முதுகலைப் படிப்புக்கு வந்த பிறகுதான் ஒழுங்கான மருத்துவம் கிடைத்து, வருடக்கணக்கில் அடங்கியிருந்தது. பஞ்சு வந்த மூன்றாவது வாரம் நெஞ்சுக்குள் பழைய விசில் சத்தம் திரும்பக் கேட்டது.

இப்போது பஞ்சு வந்து இரண்டு வருடத்துக்கு மேலாகிறது. அது இங்கேதான் இருக்கிறது, நானும் நன்றாகத்தான் மூச்சு விடுகிறேன். வெளிநாட்டில் இருக்கும் நம் குடும்பங்களில் “அம்மா, ஒரு பெட் வாங்கலாம்மா” என்ற குரல் கேட்காத வீடு குறைவு. அதே வீட்டில் தும்மலோ வீசிங்கோ உள்ளவர் ஒருவராவது இருப்பார். அவர்களுக்குப் பயன்படட்டும் என்று நாங்கள் செய்ததை எழுதுகிறேன். நான் மென்பொருள் பொறியாளர், மருத்துவர் இல்லை. உங்கள் மருந்தைப் பற்றிய முடிவை உங்கள் டாக்டரோடு பேசித்தான் எடுக்க வேண்டும்.

முடி குற்றவாளி இல்லை

“முயல் முடி மூக்குக்குள்ள போயிடும்” என்பதுதான் போனில் ஊரிலிருந்து வந்த முதல் எச்சரிக்கை. உண்மையில் அலர்ஜியைக் கிளப்புவது முடி இல்லை. முயலின் எச்சில், சிறுநீர், உதிரும் தோல் துகள் ஆகியவற்றில் உள்ள சில புரதங்கள்தான் காரணம். முயலும் பூனையைப் போல நாள் முழுக்கத் தன்னை நக்கிச் சுத்தம் செய்யும் பிராணி. அந்த எச்சில் முடியில் காய்ந்து, பொடியாகிக் காற்றில் மிதக்கிறது. முடி வெறும் வாகனம். அதனால் ‘இந்த இனம் முடி உதிர்க்காது, அலர்ஜி வராது’ என்று யாராவது விற்க வந்தால் நம்பாதீர்கள். அலர்ஜியே தராத முயல் என்று ஒன்று கிடையாது.

எங்கள் ஜி.பி. முதலில் சொன்னது நேரடியான யோசனை: “வேறு வீடு பார்த்துக் கொடுத்துவிடுங்கள்.” அது தப்பான யோசனை இல்லை. அலர்ஜிக்குக் காரணமான பிராணியை விலக்குவதுதான் பாடப்புத்தக வழி. ஆனால் காரணம் முயல்தானா என்று முதலில் தெரிய வேண்டும் அல்லவா? அலர்ஜி நிபுணரிடம் அனுப்பச் சொல்லிக் கேட்டேன்.

அங்கே செய்வது ‘ஸ்கின் ப்ரிக் டெஸ்ட்’. முன்கையில் வரிசையாக ஒவ்வொரு பொருளின் சாற்றிலும் ஒரு சொட்டு வைத்து, அதன் மேல் லேசாகக் குத்துவார்கள். 15 முதல் 20 நிமிடம் காத்திருந்தால், ஒத்துக்கொள்ளாத பொருள் வைத்த இடம் கொசுக்கடி போலத் தடிக்கும். தடிப்பு 3 மில்லிமீட்டரோ அதற்கு மேலோ இருந்தால் பாசிட்டிவ். டெஸ்டுக்குச் சில நாள் முன்பே அலர்ஜி மாத்திரையை நிறுத்தச் சொல்வார்கள், இல்லையென்றால் முடிவு தெரியாது. மாத்திரையை நிறுத்த முடியாதவர்களுக்கு ரத்தப் பரிசோதனை உண்டு.

என் கையில் வந்த கணக்கு இது: ரை புல் மகரந்தம் 9 மில்லிமீட்டர். வீட்டுத்தூசிச் சிற்றுண்ணி 6. முயல் 4.

முயலும் உண்டு, ஆனால் பட்டியலில் கடைசி. டாக்டர் அந்தக் கையைப் பார்த்துக்கொண்டே கேட்டார்: “முயலுக்கு என்ன சாப்பாடு போடுகிறீர்கள்?”

சாப்பாட்டில் இருந்த எதிரி

முயலின் உணவில் 80 சதவீதத்துக்கு மேல் ‘ஹே’ இருக்க வேண்டும். நம்மூர் வைக்கோல் இல்லை இது. வைக்கோல் நெல் எடுத்த பிறகு மிஞ்சும் தாள். ஹே என்பது பூக்கும் பருவத்துப் புல்லை அறுத்துக் காய வைத்தது. பூக்கும் பருவம் என்றால் மகரந்தமும் கூடவே வரும். அதோடு தூசி, சில சமயம் பூஞ்சை. பையைத் திறந்து ஒரு பிடி எடுத்து உதறினால் என்ன நடக்கும் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள். புல் மகரந்தம் 9 மில்லிமீட்டர் தடிக்கும் ஒருத்தி, தினமும் இரண்டு வேளை, மூடிய அறைக்குள் அதைத்தான் செய்துகொண்டிருந்தாள்.

சரி, புல்லை மாற்றிவிடலாமே? எனக்கும் முதலில் அப்படித்தான் தோன்றியது. டிமோதி புல்லுக்குப் பதில் காக்ஸ்ஃபுட், அல்லது இங்கே மலிவாகக் கிடைக்கும் ஓட்ஸ் புல். சிலருக்கு இது உதவுகிறது. ஆனால் ரை, டிமோதி, காக்ஸ்ஃபுட், ஓட்ஸ் எல்லாம் ஒரே புல் குடும்பத்தில் நெருங்கிய உறவு. அவற்றின் மகரந்தப் புரதங்களும் ஒரே சாயல். ஒன்றுக்குச் சண்டை போடும் உடம்பு அண்ணன் தம்பிக்கும் சண்டை போடும். குதிரைமசால் புல் இனமே இல்லை, பயறு இனம். ஆனால் அதில் சுண்ணாம்புச் சத்தும் புரதமும் அதிகம் என்பதால், வளர்ந்த முயலுக்குத் தினசரி உணவாகப் போடக்கூடாது.

புல்லே வேண்டாம், கடைப் பெல்லட் மட்டும் போடலாமா? கூடவே கூடாது. முயலின் பல் வாழ்நாள் முழுக்க வளர்ந்துகொண்டே இருக்கும். நீளப் புல்லை அரைத்து அரைத்து மென்றால்தான் தேயும். நார்ச்சத்து குறைந்தால் குடலின் அசைவு நின்றுபோகும். அரை நாள் ஒரு முயல் எதையும் சாப்பிடாமல், புழுக்கை போடாமல் இருந்தாலே அது அவசர நிலை, உடனே விலங்கு மருத்துவரிடம் ஓட வேண்டும். ஆக, எனக்குப் பகையான பொருள் இல்லாமல் பஞ்சு உயிர் வாழ முடியாது. பிரச்சினையின் உண்மையான வடிவம் அதுதான்.

ஒரு நேரத்தில் ஒரு மாற்றம்

ஆபீஸில் ஒரு பிழையைத் தேடும்போது ஐந்து இடத்தில் ஒரே நேரத்தில் கை வைக்க மாட்டோம். ஒன்றை மாற்று, ஓட்டிப் பார், எழுதி வை, அடுத்ததுக்குப் போ. வீட்டிலும் அதையே செய்தோம்.

அளப்பதற்கு ‘பீக் ஃப்ளோ மீட்டர்’ என்று ஒரு சின்ன பிளாஸ்டிக் குழாய் இருக்கிறது. முழு மூச்சை இழுத்து ஒரே வீச்சில் ஊத வேண்டும். நிமிடத்துக்கு எத்தனை லிட்டர் வேகத்தில் ஊதுகிறோம் என்று முள் காட்டும். உடம்பு நன்றாக இருக்கும்போது வரும் அதிகபட்ச எண் உங்கள் சொந்த அளவுகோல். என்னுடையது 430. அதில் 80 சதவீதத்துக்கு மேல் இருந்தால் பச்சை, 50 முதல் 80 வரை மஞ்சள், அதற்குக் கீழே சிவப்பு. காலையும் மாலையும் ஊதி எழுதினேன். ஹே பை வரவேற்பறையில் இருந்த அந்த வாரங்களில் என் காலை எண் 320 அருகே ஆடிக்கொண்டிருந்தது. மஞ்சள்.

சில தோழிகள் சொன்னார்கள்: “ஒரு வாரம் முயலை யார் வீட்டிலாவது விட்டுப் பாரு, தெரிஞ்சிடும்.” நல்ல யோசனை போலத் தோன்றும், ஆனால் இந்தச் சோதனையை நம்பக்கூடாது. பிராணிகளின் புரதத் துகள்கள் கம்பளத்திலும் சோபாவிலும் மாதக்கணக்கில் தங்கும். பூனை போன பிறகும் அதன் அலர்ஜிப் பொருள் வீட்டில் அடங்க நாலைந்து மாதம் ஆகலாம். ஒரு வாரத்தில் மாற்றம் தெரியவில்லை என்றால் முயல் நிரபராதி என்று அர்த்தமில்லை.

அதனால் முயலை விட்டுவிட்டுப் புல்லை நகர்த்தினோம். பை முழுவதும் கராஜுக்குப் போனது, மூடி போட்ட பிளாஸ்டிக் டப்பாவில். எடுப்பது, உதறுவது, போடுவது எல்லாம் என் கணவர் வேலை. அவருக்கு எந்த அலர்ஜியும் கிடையாது. மாமியார் வீட்டுச் சாப்பாட்டுக்குக்கூடக் கிடையாது. வெளியே காற்றில் நன்றாக உதறி, மேலே லேசாகத் தண்ணீர் தெளித்து, சில மணி நேரத்தில் பஞ்சு தின்று முடிக்கும் அளவு மட்டும் உள்ளே வரும். ஈரப் புல் மிஞ்சினால் பூஞ்சை பிடிக்கும் என்பதால் அன்றே வெளியேறிவிடும். மூன்று வாரத்தில் என் காலை எண் 380-ஐத் தாண்டியது. அடுத்த மாதம் வேறு மாற்றங்களும் சேர்ந்து 400.

வீட்டு ஏற்பாடு

எங்களுக்கு வேலை செய்தவற்றை மட்டும் சொல்கிறேன்.

படுக்கையறைக்குள் பஞ்சு வராது. கதவு எப்போதும் சாத்தியிருக்கும். நாளில் எட்டு மணி நேரம் அந்த அறையில்தான் மூச்சு விடுகிறேன். அந்த நேரம் சுத்தமாக இருந்தால் உடம்புக்குப் பாதிச் சுமை குறைகிறது. படுக்கை விரிப்பு வாரம் ஒருமுறை 60 டிகிரி தண்ணீரில். இது முயலுக்காக இல்லை, அந்த 6 மில்லிமீட்டர் சிற்றுண்ணிக்காக. ஒத்துக்கொள்ளாத பொருள்கள் உடம்பில் ஒன்றன் மேல் ஒன்றாகச் சேரும். ஒன்றைக் குறைத்தால் இன்னொன்றைத் தாங்க இடம் கிடைக்கும்.

முயலின் இடம் டைல்ஸ் போட்ட வரவேற்பறை மூலை. கம்பளம் இல்லை, ஈரத்துணியால் துடைக்கலாம். உலர்ந்த துடைப்பத்தால் பெருக்குவது தூசியைக் கிளப்பும், அதனால் ஈரத் துடைப்புதான்.

ஹெப்பா வடிகட்டி உள்ள காற்றுச் சுத்திகரிப்பான் ஒன்று அந்த அறையில் ஓடுகிறது. 0.3 மைக்ரான் அளவுத் துகளில் 99.97 சதவீதத்தைப் பிடிப்பதற்குத்தான் ஹெப்பா என்று பெயர். ஆனால் வாங்கும்போது பார்க்க வேண்டியது அந்த எண்ணை இல்லை, மணிக்கு எத்தனை கனமீட்டர் காற்றைச் சுத்தம் செய்கிறது என்பதை. எங்கள் அறை 5 மீட்டர் நீளம், 4 மீட்டர் அகலம், 2.4 மீட்டர் உயரம். அதாவது 48 கனமீட்டர். மணிக்கு ஐந்து முறை காற்று மாற 240 கனமீட்டர் தேவை. பெட்டி மேல் எழுதியிருக்கும் அளவு அதைவிடக் குறைவாக இருந்தால் அந்த அறைக்கு அது போதாது. ஏற்கெனவே சோபாவில் படிந்துவிட்டதை எந்த மெஷினும் எடுக்காது என்பதும் நினைவிருக்கட்டும்.

லிட்டர் ட்ரேயில் மரத்தூள் இல்லை, பழைய காகிதத்தில் செய்த உருண்டைகள். தினமும் மாற்றுகிறோம். முயல் சிறுநீர் நின்றால் அம்மோனியா வாடை வரும். அது அலர்ஜி இல்லை, ஆனால் ஆஸ்துமாக்காரர் மூச்சுக்குழாயை நேரடியாக எரிச்சலாக்கும். வெள்ளைக் கறை பிடித்தால் வினிகர் போதும். ப்ளீச் ஊற்றவே கூடாது. சிறுநீரின் அம்மோனியாவோடும் வினிகரோடும் சேர்ந்தால் நச்சு வாயு வரும்.

முயலைக் குளிப்பாட்டக் கூடாது. பயத்திலும் குளிரிலும் அதற்கு உயிராபத்தே வரலாம். வாரம் இரண்டு முறை வெளியே வைத்து முடி சீவுவோம், உரோமம் மாறும் பருவத்தில் தினமும். கருத்தடை அறுவை ஏற்கெனவே செய்தாகிவிட்டது. அதனால் கண்ட இடத்தில் சிறுநீர் தெளிக்கும் பழக்கம் இல்லை.

நான் பஞ்சுவைத் தொடாமல் இருக்கிறேனா என்றால், இல்லை. ஞாயிற்றுக்கிழமை தரையில் உட்கார்ந்தால் அதுவாக வந்து மடிக்குப் பக்கத்தில் படுத்துக்கொள்ளும். தடவிக்கொடுப்பேன், முகத்தருகே கொண்டு போக மாட்டேன். முடிந்ததும் கை கழுவி, சட்டை மாற்றிவிடுவேன்.

முழுக்க வெளியே கூண்டில் வைத்தால் இந்தத் தொல்லையே இல்லையே என்று கேட்கலாம். மெல்பர்ன் கோடையில் 40 டிகிரி தாண்டும் நாள்கள் உண்டு, முயலுக்கு 30-ஐத் தாண்டினாலே கஷ்டம். அதைவிடப் பெரிய காரணம், இங்கே காட்டு முயல்களைக் கட்டுப்படுத்த அரசே கொண்டுவந்த மிக்ஸோமா வைரஸ். கொசு கடித்தாலே பரவும். வளர்ப்பு முயலுக்கு அதற்கான தடுப்பூசி ஆஸ்திரேலியாவில் அனுமதிக்கப்படவில்லை. ஆக, உள்ளேதான்.

“பஃப் அடிச்சா பழகிடும்”

ஆறு மாதம் தங்க அம்மா மதுரையிலிருந்து வந்தார். முயலைப் பார்த்து முகம் சுளிக்கவில்லை. சமையலறை மேடையில் இருந்த என் பஃபரைப் பார்த்துத்தான் சுளித்தார்.

“ஏண்டி, இன்னுமா இதை விடல? தினமும் அடிச்சா நுரையீரல் அதுக்கே பழகிடும். நாலு கற்பூரவல்லி இலையைக் கசக்கிக் குடிச்சா சரியாகாதா?”

“அம்மா, கற்பூரவல்லி தொண்டைக்கு இதமா இருக்கும், வேணும்னா ரசத்துலகூடப் போடுங்க. உள்ளே வீங்கியிருக்கிற குழாயை அது குறைக்காது.”

இந்த உரையாடல் நம் வீடுகளில் எத்தனை முறை நடந்திருக்கும்! எனக்குப் பெண் பார்க்க வந்த நாளில் இன்ஹேலர் பீரோவுக்குள் போனது. மாப்பிள்ளை வீட்டாருக்குத் தெரிந்தால் ‘சீக்காளிப் பெண்’ என்பார்களாம். அந்தப் பயத்தில் மருந்தை மறைத்து, மறைத்ததாலேயே ஒழுங்காக எடுக்காமல் போகும் பெண்கள் இன்றும் இருக்கிறார்கள்.

அம்மாவுக்குச் சொன்னதையே இங்கும் சொல்கிறேன். பஃபரில் இரண்டு வகை. நீல நிறத்து சால்பூட்டமால் குழாயைத் தற்காலிகமாக விரிக்கும், சில மணி நேர நிவாரணம். தினசரி எடுக்கும் ப்ரிவென்டரில் மிகக் குறைந்த ஸ்டீராய்டு இருக்கும், அது உள்வீக்கத்தையே அடக்கும். அளவைப் பாருங்கள்: ப்ரிவென்டரின் ஒரு உறிஞ்சல் நூறு, இருநூறு மைக்ரோகிராம் கணக்கில் வரும். ஆஸ்துமா முற்றினால் விழுங்கக் கொடுக்கும் ப்ரெட்னிசோலோன் மாத்திரை ஒன்றே 25 மில்லிகிராம், அதாவது 25,000 மைக்ரோகிராம். இரண்டின் வீரியமும் வேறு, நேருக்கு நேர் ஒப்பிட முடியாது என்பது உண்மை. ஆனாலும் மாத்திரை ரத்தத்தில் கலந்து உடம்பு முழுக்கப் போகிறது, பஃபர் பெரும்பாலும் வேண்டிய இடத்திலேயே வேலை செய்கிறது. அடித்ததும் வாய் கொப்பளித்துவிட்டால் வாய்ப்புண் வரும் வாய்ப்பும் குறையும். நீல பஃபரை மட்டும் நம்பிக்கொண்டிருப்பது போதாது என்று ஜினா என்னும் உலக ஆஸ்துமா அமைப்பு 2019-லேயே தன் வழிகாட்டுதலை மாற்றிவிட்டது.

அம்மா முழுதாக ஒப்புக்கொண்டாரா தெரியாது. ஆனால் மறுநாளிலிருந்து காலை காபியோடு பஃபரும் ஸ்பேசரும் மேஜையில் தயாராக இருந்தன. பஞ்சுவுக்கு முடி சீவும் வேலையையும் அவரே எடுத்துக்கொண்டார். பின்கட்டில் உட்கார்ந்து, பேத்தியின் பின்னலுக்குச் சொல்லும் அதே திட்டு: “ஆடாம இரு கழுதை.”

இடி இடிக்கும் நவம்பர்

மெல்பர்னில் இருக்கும் நம் மக்கள் இந்தப் பகுதியைக் கட்டாயம் படிக்க வேண்டும், வீட்டில் முயல் இருந்தாலும் இல்லாவிட்டாலும்.

2016 நவம்பர் 21, திங்கட்கிழமை. நல்ல வெயில், மாலையில் இடியோடு புயல்காற்று. அந்த இரவும் மறுநாளும் மூச்சுத்திணறலோடு வழக்கத்தைவிட 3,000 பேருக்கு மேல் கூடுதலாக மருத்துவமனை அவசரப் பிரிவுகளுக்கு வந்தார்கள். 10 பேர் இறந்தார்கள். பாதிக்கப்பட்டவர்களில் ஆசிய, இந்திய வம்சாவளியினரின் விகிதம் அதிகமாக இருந்தது. பலருக்கு அதற்கு முன் ஆஸ்துமா என்று யாரும் சொன்னதே இல்லை, வசந்த காலத் தும்மல் மட்டுமே இருந்தது.

நடந்தது இதுதான். ரை புல் மகரந்தம் சாதாரணமாகப் பெரியது, மூக்கிலேயே தங்கிவிடும். இடிமழைக்கு முன் ஈரக்காற்றில் அது ஊறி வெடித்து, உள்ளே இருக்கும் நுண்துகள்கள் வெளியே வருகின்றன. நுரையீரலின் ஆழம் வரை போகும் அளவுக்கு அவை சிறியவை. புயலின் கீழ்க்காற்று அவற்றை அள்ளித் தரைமட்டத்தில் நகரம் முழுக்க வீசுகிறது.

அதனால் விக்டோரியாவில் அக்டோபர் முதல் டிசம்பர் வரை இடிமழை ஆஸ்துமா முன்னறிவிப்பு உண்டு. விக்எமர்ஜென்சி செயலியில் பார்க்கலாம். அபாயம் அதிகம் என்று வரும் நாளில் எங்கள் வீட்டில் ஜன்னல் எல்லாம் சாத்தியிருக்கும், ஏசி வெளிக்காற்றை இழுக்காது, புது ஹே பை திறக்கப்படாது, நீல பஃபர் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும். புயல் வருவதற்கு முன்பே வீட்டுக்குள் இருப்போம்.

வீட்டில் எல்லாருக்கும், குழந்தைக்கும், முதலுதவி தெரியும். நேராக உட்கார வை. ஸ்பேசரில் நீல பஃபர் 4 முறை, ஒவ்வொன்றுக்கும் 4 மூச்சு. 4 நிமிடம் காத்திரு. சரியாகவில்லை என்றால் 000-க்கு அழை, ஆம்புலன்ஸ் வரும்வரை தொடர்ந்து கொடு. மகள் இதைப் பெருக்கல் வாய்ப்பாடு மாதிரி ஒப்பிப்பாள்.

எழுதி ஒட்டிய ஒப்பந்தம்

பாசம் கண்ணை மறைக்கும் என்பதால், உடம்பு நன்றாக இருக்கும்போதே மூன்று நிபந்தனைகளை எழுதி ஃபிரிட்ஜில் ஒட்டினோம். ஒன்று, ப்ரிவென்டரை ஒழுங்காக எடுத்தும் ஒரு மாதம் தொடர்ந்து வாரத்துக்கு இரண்டு நாளுக்கு மேல் நீல பஃபர் தேவைப்பட்டால். இரண்டு, மூச்சிரைப்பால் ராத்திரித் தூக்கம் கெட்டால். மூன்று, ப்ரெட்னிசோலோன் மாத்திரையோ அவசரப் பிரிவோ தேவைப்பட்டால். முதல் இரண்டில் எது நடந்தாலும் உடனே டாக்டர், மருத்துவத்தை மாற்றியும் ஒரு மாதத்தில் அடங்காவிட்டால் பஞ்சுவுக்கு வேறு வீடு. மூன்றாவது நடந்தால் அப்போதே. வீடும் முன்பே பேசியாகிவிட்டது, என் அலுவலக நண்பர் ஒருவரின் குடும்பம்.

மகள் படித்துவிட்டுக் கேட்டாள்: “அப்போ பஞ்சு போயிடுமாம்மா?”

“போகாம இருக்கத்தான் இவ்வளவும் செய்யறோம். ஆனா அம்மாவுக்கு மூச்சு வேணும்ல?”

கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, கீழே தன் பெயரைக் கையெழுத்தாகப் போட்டாள்.

போன அக்டோபரில் அந்தக் காகிதத்துக்கு வேலை வந்தது. ஒரே வாரத்தில் இரண்டு இரவு இருமலோடு எழுந்தேன். எண் 340-க்கு இறங்கியது. மகள் எதுவும் பேசாமல் காகிதத்தையும் என்னையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தாள். மறுநாளே டாக்டரிடம் போனோம். ப்ரிவென்டரை இரண்டு மருந்து சேர்ந்த வகைக்கு உயர்த்தினார். வடக்குக் காற்று வீசும் நாள்களில் ஜன்னலைத் திறக்கவே கூடாது என்றார், மகரந்தம் அந்தத் திசையிலிருந்துதான் வருகிறது. பத்து நாளில் எண் 400-க்குத் திரும்பியது. அந்தப் பத்து நாளும் நண்பர் வீட்டுக்குக் கொடுத்தனுப்ப ஒரு பெட்டியில் பஞ்சுவின் கிண்ணமும் துணியும் எடுத்து வைத்தே இருந்தோம். மகளே எடுத்து வைத்தாள்.

புல் மகரந்தத்துக்கு நாக்கடியில் வைக்கும் மாத்திரைச் சிகிச்சையையும் டாக்டர் சொல்லியிருக்கிறார். ஐந்து வகைப் புல்லின் மகரந்தம் அதில் உண்டு. பருவத்துக்கு நான்கு மாதம் முன்பே தொடங்கி, மூன்று வருடம் எடுக்க வேண்டும். முதல் மாத்திரை மருத்துவர் முன்னிலையில்தான். ஆஸ்துமா கட்டுக்குள் இருந்தால்தான் தொடங்குவார்கள். இந்த வருடம் ஆரம்பிக்கிறேன்.

யோசிப்பவர்களுக்கு

வாங்குவதற்கு முன் டெஸ்ட் எடுங்கள். முயல் இருக்கும் வீட்டுக்கோ காப்பகத்துக்கோ பல முறை போய், ஹே உள்ள அறையில் ஒரு மணி நேரமாவது இருந்து பாருங்கள். ஆஸ்துமா கட்டுக்குள் இல்லாதவர்கள், அடிக்கடி அவசரப் பிரிவுக்குப் போகிறவர்கள், படுக்கையறை தவிர வேறு அறை இல்லாத வீட்டில் இருப்பவர்கள் இந்த யோசனையை இப்போதைக்குத் தள்ளி வைப்பதே நல்லது. 4 மில்லிமீட்டர் என்பது நிரந்தர எண்ணும் இல்லை. பழகப் பழக அலர்ஜி குறையும் என்று எண்ணாதீர்கள், கூடவும் கூடும். வருடம் ஒருமுறை நான் சரிபார்த்துக்கொள்கிறேன்.

முயலின் ஆயுள் எட்டிலிருந்து பன்னிரண்டு வருடம். கோடை விடுமுறைக்கு ஐந்து வாரம் ஊருக்குப் போகும்போது யார் பார்த்துக்கொள்வார்கள்? வாடகை வீடா? விக்டோரியாவில் 2020 மார்ச் முதல் வீட்டுக்காரர் தகுந்த காரணமில்லாமல் மறுக்க முடியாது, ஆனால் எழுத்தில் அனுமதி கேட்க வேண்டும். ஊரோடு திரும்பும் எண்ணம் இருந்தால் இன்னொன்றும் யோசியுங்கள். ஆஸ்திரேலியாவுக்குள் வளர்ப்பு முயலை நியூசிலாந்திலிருந்து மட்டும்தான் கொண்டுவர முடியும். இந்தியாவுக்குக் கொண்டு போனால் திரும்பக் கூட்டி வர வழியில்லை.

இவ்வளவும் செய்து, எண் ஏறவே இல்லை என்று முயலை வேறு வீட்டுக்குக் கொடுத்தவர்களையும் எனக்குத் தெரியும். அவர்கள் பாசம் குறைந்தவர்கள் இல்லை. எங்கள் தெருவில் நான்கு வீடு தள்ளி இருக்கும் ஒரு தமிழ்க் குடும்பம் அப்படிக் கொடுத்தது. அவர்கள் பையன் சனிக்கிழமைதோறும் முகக்கவசம் போட்டுக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வருகிறான். பின்கட்டில் அரை மணி நேரம் பஞ்சுவோடு இருந்துவிட்டு, கை கழுவி, சட்டை மாற்றிக்கொண்டு போகிறான். அவனுக்கென்று ஒரு மாற்றுச் சட்டை எங்கள் லாண்டரியில் தொங்குகிறது.